கடைசி பஸ் எத்தனை மணிக்கு? கண்டியின் போக்குவரத்துத் திட்டங்களை மலைப்பக்கமிருந்து பார்த்தால்

கண்டி டவுனுக்குப் புதிதாக ஒரு பெரிய போக்குவரத்துத் திட்டம் வருகிறது என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். அது வந்த பிறகு, எங்கள் தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற தெல்தோட்டைப் பக்கம் போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு? சுரங்கப் பாதை, மேம்பாலம், அதிவேக வீதி, பல மாடி வாகனத் தரிப்பிடம் என்று பல வருடமாகப் பேசுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் வரைபடமும் இருக்கிறது. கடைசி பஸ்ஸைப் பற்றி மட்டும் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆனால் தோட்டங்களிலிருந்து கண்டியை நம்பி வாழ்கிறவர்களுக்கு அந்த ஒரு நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: கிளினிக் வரிசையில் எத்தனை மணி வரை நிற்கலாம், எத்தனை மணிக்கு முடிகிற டியூஷனுக்குப் பிள்ளையை அனுப்பலாம், டவுனில் எந்தக் கடை வேலைக்குச் சரி என்று சொல்லலாம், எல்லாம்.

முதலில் கண்டி ஏன் இப்படி அடைபட்டுப்போகிறது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாகனம் கூடிவிட்டது என்று சொல்வது பாதிக் கதைதான். மீதிப் பாதி நிலம். மகாவலி கங்கை ஊரை மூன்று பக்கமும் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது, மிச்சமிருக்கிற பக்கத்தில் ஹந்தானை மலை நிற்கிறது. பேராதனைப் பக்கமாக ஒரு வாசல், கட்டுகஸ்தோட்டைப் பக்கமாக ஒரு வாசல், தென்னக்கும்புர பாலத்துப் பக்கமாக ஒரு வாசல். அம்பிட்டிய, லேவெல்ல மாதிரி சின்ன வழிகளைச் சேர்த்தாலும் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். எதிரிப் படை சுலபமாக நுழைய முடியாத இடம் என்பதால்தான் அரசர்கள் இங்கே தலைநகரம் வைத்தார்கள். அதே பள்ளத்தாக்குக்குள் இன்று காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கின்றன.

ஊருக்குள் வந்தாலும் வழி லேசில்லை. நடுவில் 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டிய வாவி. 1998 ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு மாளிகைக்கு முன்னால் போகும் வீதியில் வாகனம் விடுவதை நிறுத்திவிட்டார்கள், அன்று முதல் கிழக்குக்கும் மேற்குக்கும் போகிற வாகனம் எல்லாம் வாவியைச் சுற்றித்தான் வர வேண்டும். 1988இலிருந்து கண்டி யுனெஸ்கோவின் உலக மரபுரிமை நகரம், ஆகவே பழைய கட்டடங்களை இடித்து வீதியை அகலமாக்குகிற பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. இதெல்லாம் மாறாத விடயங்கள். திட்டம் போடுகிறவர் இதை ஒத்துக்கொண்டு அதற்குள் என்ன செய்யலாம் என்றுதான் யோசிக்க வேண்டும்.

ஊரோ வளர்ந்துகொண்டே போகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் மாநகர சபை எல்லைக்குள் ஒரு லட்சத்துக்குக் கிட்டத்தான் ஆட்கள், ஆனால் மாவட்டத்தில் 13 லட்சத்து 75 ஆயிரம் பேர். இந்த மாவட்டத்தில் பெரிய ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடங்கள், நீதிமன்றம், சந்தை என்று எதை எடுத்தாலும் கண்டிக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. விக்டோரியா அணைக்கட்டு வந்து பழைய தெல்தெனிய தண்ணீருக்குள் போனபோது திகன புதிய நகரமாக எழுந்தது, பிறகு பல்லேகலையில் மாகாண சபைக் கட்டடங்களும் தொழிற்பேட்டையும் விளையாட்டரங்கும் வந்தன, குண்டசாலையில் வீடுகள் நிறைந்தன. இந்தப் பக்கம் பிலிமத்தலாவ, கம்பளை. அந்தப் பக்கம் அக்குறணை, அங்கே பிங்கா ஓயா பெருகினால் கடைக்குள் தண்ணீர் வந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியே நின்றுபோகும். ஆக நகரம் என்பது இன்று மாநகர சபை எல்லை இல்லை, இந்த வாசல்களுக்கு வெளியே நீண்டுகிடக்கிற வீதிகள்தான்.

ஒரு சின்னக் கணக்கு. அறுபது பேர் கம்பளையிலிருந்து கண்டிக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். ஒரு பஸ்ஸில் வந்தால் வீதியில் பன்னிரண்டு மீட்டர் இடம் போதும். காருக்கு இரண்டு பேர் என்று வந்தால் முப்பது கார், முன்னாலும் பின்னாலும் விடுகிற இடைவெளியையும் சேர்த்தால் இருநூறு மீட்டர் வரிசை. இந்த வரிசைக்காகத்தான் மேம்பாலமும் சுரங்கமும் கேட்கிறோம். பேராதனைப் பக்கம் பழைய வீதிக்குத் துணையாக வில்லியம் கோபல்லாவ மாவத்தை இருக்கிறது, காலையில் இரண்டும் சேர்ந்தே அடைபடுகின்றன. வீதி லேசானால் நேற்று வரை பஸ்ஸில் வந்தவர் இன்று காரை எடுக்கிறார், இரண்டு மூன்று வருடத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. கொழும்புப் பக்கமிருந்து வரும் மத்திய அதிவேக வீதியையும் இதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். மீரிகம முதல் குருணாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறந்தது, கண்டிப் பக்கமாக வரும் கிளை கலகெதரவில் வந்து முடிகிற மாதிரி திட்டம். அது வந்தால் கொழும்பிலிருந்து வருகிறவருக்கு நேரம் மிச்சம், சந்தோஷம். ஆனால் அந்த வாகனங்கள் இறங்கிப் போக வேண்டியது இதே மூன்று வாசலுக்குள்தான்.

2025 ஏப்ரலில் ஸ்ரீ தலதா வழிபாடு நடந்தபோது இது எல்லாருக்கும் கண்ணெதிரே தெரிந்தது. 16 வருடத்துக்குப் பிறகு புனித தந்ததாதுவைப் பார்க்க நாடு முழுவதிலும் இருந்து சனம் வந்தது, கடைசியில் இனிமேல் வர வேண்டாம் என்று பொலிஸாரே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. அந்தக் கூட்டத்தைக் கொஞ்சமாவது தாங்கியது விசேட ரயிலும், வாகனத்தை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏற்றி வந்த ஏற்பாடும்தான்.

இனி பஸ்ஸுக்கு வருகிறேன். கண்டியில் குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் தெரியாதவர் இல்லை, ஆனால் அந்தப் பேருக்கு சரக்குக் கொட்டகை என்று அர்த்தம் என்பதை நாங்கள் மறந்தே போய்விட்டோம். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே 1867இல்தான் எங்கள் தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அந்த நாளில் ரயிலும் வீதியும் போட்டதே மலையில் விளைந்த கோப்பியை, பிறகு தேயிலையை, கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். மூட்டை இறங்க ஒரு வழி இருந்தால் போதும், அதற்குத் திரும்பி வர நேரம் தேவையில்லை. அதைப் பறித்த ஆள் டவுனுக்கு வந்து மருந்து எடுத்துக்கொண்டு பொழுதுபடுவதற்குள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்ப வேண்டும் என்று அந்த வரைபடத்தில் யாரும் யோசிக்கவில்லை. அதே கோடுகளின் மேல்தான் இன்றும் எங்கள் பஸ்கள் ஓடுகின்றன.

2016இல் நடந்தது ஒன்று. அம்மாவுக்கு சீனி வருத்தம், மாதம் ஒரு தடவை கிளினிக். அன்று இலக்கம் பிந்திவிட்டது, மருந்து எடுக்கிற ஜன்னலுக்கு வரும்போது நாலு மணி தாண்டிவிட்டது. எங்கள் தோட்டத்துக்கு நேரே போகிற கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்கு, நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து முப்பத்தைந்து, பஸ் இல்லை. ஆள் நிரம்பிவிட்டதால் முந்தியே எடுத்துவிட்டார்கள் என்று பக்கத்தில் வடை விற்றவர் சொன்னார். வேறு பஸ் ஏறி கலஹா வரை வந்து, அங்கிருந்து த்ரீவீல் பிடித்தோம், 1500 ரூபாய், அம்மா இரண்டு நாள் கொழுந்து பறிக்கிற காசு. மழை. தோட்டத்து வீதி அரித்துக் கிடந்ததால் த்ரீவீல்காரத் தம்பி கீழேயே நிறுத்திவிட்டு "இதுக்கு மேல ஏறாது அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மருந்துப் பையை நனையாமல் வயிற்றோடு அணைத்தபடி அம்மா முன்னால் நடந்தார், நான் போன் வெளிச்சத்தைக் காலடியில் பிடித்துக்கொண்டு பின்னால். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அம்மா கிளினிக்குக்கே போகவில்லை. வருத்தம் கூடியதுக்குப் பிறகுதான் போனார்.

அந்த பஸ்காரரைத் திட்டி முடித்துவிட்டால் எங்களுக்கு விடயம் விளங்காது. பஸ் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். 1958இல் பஸ்கள் எல்லாம் அரசுடைமையாகி ஒரே சபையின் கீழ் வந்தன. 70களின் கடைசியில் தனியாருக்கும் கதவு திறந்தது. இன்று தனியார் பஸ்களில் பெரும்பகுதி ஒரு பஸ், ஒரு முதலாளி, ஒரு பேர்மிட் என்ற நிலைமைதான். டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் கை நிறைவது அன்றைய கலெக்‌ஷனைப் பொறுத்து. கலெக்‌ஷன்தான் சம்பளம் என்றால் நடப்பது இதுதான்: ஆள் சேரும் வரை ஸ்டாண்ட் வாசலில் ஊர்ந்துகொண்டு நிற்பார்கள், பின்னால் இன்னொரு பஸ் வருவது தெரிந்தால் பறப்பார்கள், ஆள் குறைந்த ராத்திரி ட்ரிப்பை விட்டுவிடுவார்கள். டைம் கீப்பர் விசில் அடித்தாலும் வயிறு வேறு கணக்குச் சொல்லும். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்பு பஸ்ஸில் பிள்ளைகளுக்கு சீசன் டிக்கட் உண்டு, அதனால் காலையில் சீருடைக் கூட்டம் எல்லாம் ஒரே சிவப்பு பஸ்ஸுக்குள் அடைபடும், பின்னால் வருகிற தனியார் பஸ் பாதிக் காலியாக வரும். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு மாகாண அதிகார சபை, மாகாணம் தாண்டி ஓடினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, சிவப்பு பஸ்ஸுக்கு டிப்போ, மூன்றும் வெவ்வேறு நேர அட்டவணை போடுகின்றன. ஆறு மணிக்கு மூன்று பஸ் சேர்ந்து புறப்பட்டு ஏழு மணிக்கு ஒன்றுமே இல்லாமல் போவது இப்படித்தான்.

ஆபத்தும் இதிலேதான் இருக்கிறது. 2025 மே மாதம் கொத்மலையில் கெரண்டி எல்ல என்ற இடத்தில் கதிர்காமத்திலிருந்து குருணாகல் போன பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தது. அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் யாருமே இந்த பஸ்ஸை விட்டுக்கொடுத்து நிற்க மாட்டார்கள், படியில் தொங்கியாவது ஏறுவார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை, பழைய ஏற்பாடு ஒன்றையே சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒரு பஸ் ராத்திரி தங்கும். எட்டு மணி போல கடைசி பஸ்ஸாக மேலே ஏறி வரும், டிரைவரும் கொண்டக்டரும் கோயிலுக்குப் பக்கத்து அறையில் படுப்பார்கள், யாராவது ஒரு வீட்டிலிருந்து ரொட்டியும் சம்பலும் போகும். விடிய ஐந்து மணிக்கு அதே பஸ் முதல் பஸ்ஸாக இறங்கும். ஹோர்ன் ஒரு தடவை அடித்துவிட்டு, மேல் லயத்தில் லைட் எரிகிறதா என்று பார்ப்பார் கொண்டக்டர். எரிந்தால் இரண்டு நிமிடம் நிற்பார், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போகிற அக்கா இன்னும் இறங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். கடைசி பஸ்ஸும் முதல் பஸ்ஸும் ஒன்றே என்பதால் வெறும் பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுபோகிற டீசல் மிச்சம். பிறகு அது நின்றது, திரும்ப வரவே இல்லை. தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் இதற்கென்றே திட்டங்கள் இருக்கின்றன: ராத்திரி சேவைக்கு நிசி செரிய, லாபம் வராத கிராமத்து வழிக்கு கெமி செரிய, பிள்ளைகளுக்கு சிசு செரிய. நட்டத்தை அரசு ஈடுகட்டும், பஸ் நேரத்துக்கு ஓட வேண்டும். மேம்பாலத்துக்குப் போகிற பணத்தோடு பார்த்தால் இந்தச் செலவு சின்னது. கண்டியைச் சுற்றியுள்ள தோட்ட வழிகள் ஒவ்வொன்றுக்கும் எட்டு மணிக்கு ஒரு நிச்சயமான பஸ் வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டு, மற்றத் திட்டங்களை அதற்குப் பிறகு எழுதினால் என்ன?

சரி, பஸ் வந்தாலும் ஏற வீதி வேண்டுமே. தோட்டத்து லயத்திலிருந்து கண்டிக்கு வருகிற ஒரு பயணத்துக்கு நாலு முதலாளிகள். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகை மாகாணத்துக்கு. அதற்குக் கீழே பிரதேச சபை. கடைசித் துண்டு தோட்டத்து வீதி, அது 1992க்குப் பிறகு தோட்டங்களை எடுத்து நடத்துகிற கம்பெனிகளின் கையில். 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபையே தோட்டத்துக்குள் ஒரு வீதிக்குச் செலவழிக்க முடியாமல் இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது வருடம் என்பது ஒரு தலைமுறை. சட்டம் திறந்த பிறகும் சபையின் கையில் இருக்கிற காசு கொஞ்சம், அது டவுன் சந்திக்கே போதாது.

மலையில் வீதி கெடுவது மேலே ஓடுகிற டயரால் இல்லை, தண்ணீரால். மலையை ஒரு பக்கம் வெட்டித்தான் இங்கே வீதி போடுகிறோம், வெட்டிய பக்கம் மேலே இருந்து வருகிற தண்ணீரைக் கான் (வடிகால்) பிடித்து மதகு வழியாகக் கீழே விட வேண்டும். கானில் தேயிலைக் குப்பையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் வீதிக்கு மேலே வரும், வீதியின் வெளி ஓரத்தை அரிக்கும், ஒரு மழையில் பாதி வீதி பள்ளத்துக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் தோட்டத்தில் கான் வெட்டவென்றே ஆட்களுக்குப் பேர் போடுவார்கள், மாரிக்கு முன்னால் கான் எல்லாம் சுத்தம். இப்போது கார்பெட் போடக் காசு வருகிறது, போட்ட பிறகு கானைப் பார்க்க ஆள் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்த இடங்களுக்குக் கணக்கில்லை. மலையக ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது, கடுகண்ணாவப் பக்கம் கொழும்பு வீதியே அடைபட்டது, வெட்டி இறக்கிய சரிவுகள் எங்கெங்கே வீதிக்கு மேலே நிற்கின்றன என்று அப்போதுதான் டவுனில் இருக்கிறவர்களுக்கும் தெரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கிறது. வீதித் திட்டம் போடுகிறவரும் பஸ் வழி குறிக்கிறவரும் அதே வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பேச வேண்டும், எந்த வழி மூடினால் பஸ் எந்த வழியால் போகும் என்பதை மழைக்கு முன்னாலேயே எழுதி பஸ் ஹோல்ட்டில் ஒட்ட வேண்டும்.

ரயிலைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கண்டிக்கு நடுவாலேயே தண்டவாளம் போகிறது, ஒரு பக்கம் பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, மறுபக்கம் கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, மாத்தளை. நாங்கள் வீதியில் நெரிபடுகிற அதே வாசல்கள் வழியாகத்தான் அதுவும் போகிறது. அதை எல்லோரும் உல்லாசப் பயணிகள் எல்ல என்ற ஊருக்குப் போகிற ரயிலாகத்தான் பார்க்கிறார்கள், உடரட்ட மெனிக்கே ரயில் கண்டிக்குள் வராமலே பேராதனையால் திரும்பிப் போய்விடும். காலையில் ஆறரையிலிருந்து எட்டரை வரை அரை மணிக்கு ஒரு சின்ன ரயில் நாவலப்பிட்டிப் பக்கமிருந்தும் மாத்தளைப் பக்கமிருந்தும் வந்தால் பள்ளிக்கூட வேனில் பாதி குறையும் என்பது என் நம்பிக்கை. ரயில் கடவைகளில் கேட் மூடினால் வீதி நிற்கும் என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அந்த ரயிலுக்குள் இருக்கிற முந்நூறு பேர் அந்த வீதியில் இல்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அப்புறம், எல்லா பஸ்ஸும் கண்டிக்குள் வந்து முடிவதைப் பற்றி. கட்டுகஸ்தோட்டையிலிருந்து பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் பெரும்பாலும் டவுனில் இறங்கி, ஒரு ஸ்டாண்டிலிருந்து இன்னொரு ஸ்டாண்டுக்கு நடந்து, இன்னொரு பஸ் பிடிக்கிறார். மணிக்கூட்டுக் கோபுரம், போகம்பறை, டொரிங்டன் என்று ஸ்டாண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. குட்ஷெட்டையும் ரயில் நிலையத்தையும் சேர்த்து ஒரே முனையம் கட்டும் திட்டம், 2014இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய நகர அபிவிருத்தி முயற்சியிலிருந்து வந்தது, பொருளாதார நெருக்கடியோடு இழுபட்டது. அது நல்ல திட்டம்தான், மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அம்மாமாருக்குக் கூரை வேண்டும். ஆனால் கட்டடத்தோடு சேர்த்து வழிகளையும் மாற்ற வேண்டும். திகனயிலிருந்து வருகிற பஸ் டவுனில் முடியாமல் பேராதனைக்கே போகட்டும், கட்டுகஸ்தோட்டை பஸ் கெட்டம்பே தாண்டட்டும். அப்போது பஸ்கள் டவுனுக்குள் தரித்து நிற்கத் தேவையில்லை, அந்த இடமே வீதிக்குத் திரும்பக் கிடைக்கும், ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல். கலெக்‌ஷனைப் பொதுவில் சேர்த்து, ஓடிய கிலோமீட்டருக்குக் காசு கொடுக்கிற முறை வந்தால் போட்டி ஓட்டமும் குறையும். பஸ் முதலாளிமார் பயப்படுவார்கள், அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் செய்ய வேண்டும், பேர்மிட்டுக்காகக் கடன்பட்டவர்கள் அவர்கள்.

பெயர்ப் பலகையும் எனக்குச் சின்ன விடயமில்லை. 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. கண்டியில் நிற்கிற எத்தனையோ பஸ்களின் நெற்றியில் ஊர்ப் பெயர் தமிழில் இல்லை. எங்கள் ஆத்தா ஒவ்வொரு பஸ்ஸாகப் போய் "தம்பி, இது தெல்தோட்டை போகுமா?" என்று கேட்டுக்கொண்டே நடப்பார், யாராவது தலையாட்டினால் ஏறுவார். இரண்டு தடவை வேறு பஸ்ஸில் ஏறிக் கலகெதரவில் இறங்கியிருக்கிறார். பலகைக்கு ஆகிற செலவு ஒரு தகரமும் கொஞ்சம் பெயின்ட்டும்.

நான் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவ, ரங்களை, மடுல்கலைப் பக்கங்களுக்குப் போகிற பஸ்களில் அட்டவணைப்படி கடைசி பஸ் எத்தனை மணிக்கு, உண்மையில் எத்தனை மணிக்குப் போனது, எந்த நாள் போகவே இல்லை என்று மூன்று வரிசை. டைம் கீப்பர்மார் நேரம் சொல்கிறார்கள், சில கொண்டக்டர்மார் போன் பண்ணியே சொல்கிறார்கள். கொப்பி நிரம்பியதும் ஒரு பிரதி பிரதேச சபைக்கு, ஒரு பிரதி மாகாணப் போக்குவரத்து அதிகார சபைக்கு, ஒரு பிரதி கிளினிக் இலக்கம் கொடுக்கிற மேசைக்கு, தூரத்திலிருந்து வந்தவர்களை முதலில் கூப்பிடும்படி கேட்டு. உங்கள் வழியின் நேரமும் தெரிந்தால் ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள், அட்டவணை நேரமும் பஸ் உண்மையில் போன நேரமும் இரண்டும் வேண்டும்.